நாலாவது பொட்டலம்

1. மரத்தடுப்பு

கம்பவுண்டர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, திண்டுக்கல் கடைவீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஐம்பதுகளின் கடைசி. முதலாளி முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடையின் பின்பக்கம் இருந்த மரத்தடுப்பைக் கைகாட்டினார்.

"மேரி, நீ அங்கிட்டு நின்னு மிக்சர் கலந்தாப் போதும். கவுண்டர நான் பாத்துக்கிறேன். பொம்பளப் புள்ள எடுத்துக் குடுத்தா ஆம்பளைக வாங்கத் தயங்குவாக."

"அப்ப பொம்பளைக வந்தா, முதலாளி?"

"அவுகளும் இம்புட்டு நாளா எங்கிட்டத்தானம்மா வாங்கிட்டுப் போறாக?"

எப்படி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை அன்று சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டேன். கடை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் மருந்து வாங்க வராத நாலைந்து பேர் எப்போதும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் வந்து டாக்டர் சீட்டை நீட்டுவாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "லேடீஸ் மருந்தா?" என்பார். அவர் சாதாரணமாகக் கேட்டிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். தணித்துக் கேட்பதால் பெஞ்சு முழுக்கத் திரும்பும். பிறகு மருந்தைப் பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுப்பார். அவள் அதை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, எதையோ களவாண்டவள் மாதிரி படி இறங்கிப் போவாள். தடுப்புச் சந்து வழியாகப் பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். மிக்சர் கலந்து பாட்டிலில் ஊற்றியதும், நீளமான காகிதத் துண்டை மடித்து ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டுவோம். ஒரு பல் அளவு இறங்கினால் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். நான் வெட்டினால் பல் ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்கும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

2. வியாழக்கிழமை தோறும்

பழனியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டி உள்ளே ஒரு ஊர். கணவர் இறந்து ஆறு வருடம். தக்காளியும் வெங்காயமும் தானே பயிர் செய்தார். ஊரிலிருந்து மூன்று மைல் நடந்து ரோட்டுக்கு வந்து, அங்கே ஒரு பஸ், ஒட்டன்சத்திரத்தில் மாறி இன்னொரு பஸ். கடைக்கு வந்து சேரும்போது முகம் சிவந்து, ரவிக்கை வியர்வையில் நனைந்திருக்கும். தண்ணீர் கேட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வருவார். அப்படித்தான் பழக்கம்.

அவருக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம். அதிலிருந்து உடம்பு குப்பென்று கொதிப்பது, கொட்டுகிற வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. ஊரில் ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் ஒரு லேடி டாக்டர்தான் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மருந்தை இப்போது அந்த விதமாகக் கொடுப்பதில்லை. அன்று அதுதான் இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இந்த மாத்தரைய முழுங்குனதுக்கப்பறந்தான் நானு மனுசியா இருக்கறனுங்க. ஆனா இந்த வாரவாரம் வாரதுதான் முடியலீங்க. எங்குளுது நாலு பங்காளிக் கெணறு. என்ற தண்ணி மொறை வார அன்னைக்கு நானு பஸ்ஸுல உக்காந்திருக்கறன். போன வாரம் ஒரு பாத்தி தக்காளி காஞ்சுபோச்சு."

டாக்டர் சீட்டில் ஆறு மாதத்துக்கு 'ரிப்பீட்' என்று எழுதியிருந்தார். மறுபடி மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதில்லை, கடையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வாரவாரம் அவரை வரவழைத்தது எங்கள் கடை. தொடர்ந்து சாப்பிடுகிற எந்த மருந்தானாலும் ஏழு நாளைக்கு மேல் கொடுப்பதில்லை என்பது முதலாளியின் வழக்கம். கொடுத்ததும் சீட்டின் பின்பக்கம் தேதி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஒருமுறை கேட்டேன். "ஒரு மாசத்து மாத்திரைய ஒட்டுக்காக் குடுத்தா என்ன முதலாளி? பாவம், எங்கிருந்தோ வாராக."

"ஒட்டுக்காக் குடுத்தா நம்ம கடைப் படிய எதுக்கு மிதிக்கப் போறாக? கஸ்டமர்னா வாரம் ஒருக்கா மூஞ்சியக் காட்டணும். நீ மிக்சரப் பாரு."

நான் மிக்சரைப் பார்த்தேன். அன்று வாயை மூடிக்கொண்டதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

3. ஒரு நாள் கவுண்டர்

ஒரு வியாழக்கிழமை முதலாளி சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். கவுண்டரில் நான். தடுப்புக்கு முன்னால் நிற்பதே எனக்குத் திருவிழாவாக இருந்தது. பெஞ்சுக்காரர்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பழனியம்மாள் வந்தார். சிரித்தார். "இன்னைக்கு அம்மிணி மொதலாளியாயிட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

சீட்டை வாங்கி நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினேன். மூன்று முத்திரை இருந்தது. ஏழு மாத்திரை எண்ணினேன், பொட்டலம் கட்டினேன், நாலாவது முத்திரையைக் குத்தி என் கையெழுத்தைப் போட்டேன். முதல் முதலாகக் கவுண்டரில் நின்று போட்ட கையெழுத்து. அழகாக வந்திருந்தது.

முன்பக்கத்தை நான் படிக்கவில்லை.

4. கொழுந்தனார்

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமை அவர் வந்தார், முதலாளி கொடுத்தார். நான்காவது வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், தனியாக இல்லை. கூடவே தலைப்பாகை கட்டிய ஒருவர். பழனியம்மாளின் முகம் வெளிறி, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை.

"மொதலாளிங்க, இவுரு என்ற கொழுந்தனாருங்க. நானு எதுக்கு வாரவாரம் உங்க கடைக்கு வந்தேன்னு இவுருகிட்டச் சொல்லுங்க."

முதலாளி பதறிப்போனார். "மெல்ல, மெல்லம்மா. இதெல்லாம் ரோட்டுல வச்சுப் பேசுற விசயமா? உள்ள வாங்க."

"உள்ளாற வந்து குசுகுசுன்னு பேசுனதுலதானுங்க என்ற மானமே போச்சு. இங்கயே பேசோணும். எனக்குத் தூரம் நின்னு ரெண்டு வருசமாச்சுங்க. இந்த மாத்தரையத் தின்னதுக்கு அப்பறம், பத்து நாளா ரத்தம் போகுதுங்க, நிக்க மாட்டீங்குது. கெணத்தடில துணி அலசறத இவுங்க வீட்டுல பாத்துட்டாங்க. புருசனில்லாத முண்டச்சி, வாரந்தவறாம திண்டுக்கல்லு போயி, காயிதத்துல சுருட்டி மருந்து வாங்கியாந்து, வயித்துல இருந்ததக் கலைச்சுப்போட்டாங்கறாங்க. இவுரு என்ற தண்ணி மொறைய நிறுத்தீட்டாருங்க. வெள்ளாமை காயுது. சொல்லுங்க, அது என்ன மாத்தரை?"

பெஞ்சில் எல்லாப் பேப்பரும் கீழே இறங்கின. முதலாளி தடுப்புப் பக்கம் வந்து என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டரம்மா எழுதுனதக் குடுத்தோம், அம்புட்டுத்தான். நீ வாயத் தொறந்துறாத."

பிறகு முன்னால் போய், "அது ஒண்ணுமில்லைங்க, அவுகவுக உடம்புவாகு. சூட்டு உடம்பு" என்று இழுத்தார்.

கொழுந்தனார் பழனியம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா? கடைக்காரரே வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்கறாரு."

நான் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சீட்டை வாங்கினேன். முதலில் பின்பக்கம். ஏழு முத்திரைகள், ஏழு வாரம், நடுவில் ஒரு நாள் இடைவெளி இல்லை. பிறகு முன்பக்கம். டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: தினம் ஒன்று, இருபத்தொரு நாள், பிறகு ஏழு நாள் மருந்தில்லை, பிறகு மறுபடி. மூன்று பொட்டலம் வாங்கியவருக்கு நான்காவது வாரம் மருந்து கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த நான்காவது பொட்டலத்தைக் கட்டியவள் நான். என் அழகான கையெழுத்து அங்கே இருந்தது.

பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். பேசாமல் இருந்தால் பழனியம்மாளுக்குக் கிணறு இருக்காது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"ஐயா, நான் இந்தக் கடைக் கம்பவுண்டர்" என்றேன், பெஞ்சுக்கும் கேட்கட்டும் என்று. "இது தூரம் நிக்கிற வயசுல உடம்பு கொதிக்கிறதுக்குக் குடுக்குற மாத்திரை. எதையும் கலைக்கிறதுக்கு இல்ல. மூணு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிப்பாட்டணும்னு டாக்டரம்மா எழுதியிருக்காக. நாங்க ஏழு ஏழாப் பிச்சுப் பிச்சுக் குடுத்ததுல அந்த வாரத்தத் தொலைச்சுட்டோம். விடாமத் தின்னதாலதான் இப்படி ஆகியிருக்கணும். நாலாவது பொட்டலத்தக் கட்டிக் குடுத்தது நான். இந்தா பாருங்க, என் கையெழுத்து. தப்பு எங்க கடையில. இவுக மேல ஒண்ணுமில்ல."

கொழுந்தனார் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தூரம் நிக்கறதுக்கெல்லாமா மருந்து?"

"ஆமாங்க. நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கும் வேணும்னாலும் வேணும். நம்பிக்கை இல்லைன்னா டாக்டரம்மாகிட்டப் போவோம், நானும் கூட வாரேன்."

"மேரி!" என்றார் முதலாளி. நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர்களோடு நடந்தேன்.

டாக்டர் பழனியம்மாளை உள்ளே அழைத்துப் பரிசோதித்தார். வெளியே வந்து, மாத்திரையை விடாமல் தின்றதால் வந்த போக்குதான், இப்போதைக்கு நிறுத்துங்கள், சரியாகும், பதினைந்து நாள் கழித்து வந்து காட்ட வேண்டும் என்றார். கொழுந்தனாரிடமும் அதையே சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். என் வாழ்நாளில் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை. "படிச்ச பொண்ணுதானே நீ? சீட்டோட முன்பக்கம் எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். தலையைக் குனிந்து முழுதாகக் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் கொழுந்தனார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நாளைக்குத் தண்ணிய விட்டர்றனுங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

பழனியம்மாள் விடவில்லை. "தண்ணிய உட்டாப் பத்தாது. கெணத்தடில வச்சுப் பேசுனவீங்ககிட்ட, அதே கெணத்தடில வச்சு நீங்களே சொல்லோணும்." அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

5. இருபத்தெட்டுப் பல்

நான் கடைக்குத் திரும்பியபோது முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். "கடை மானத்த வாங்கிட்டியே! உன்ன இன்னையோட நிப்பாட்டிப்புடுவேன்."

"நிப்பாட்டுங்க முதலாளி. போற வழியில எல்லா டாக்டர்கிட்டயும் சொல்லிட்டே போறேன், நம்ம கடையில சீட்ட எப்படிப் படிக்கிறோம்னு."

அவர் நிறுத்தவில்லை. என்னோடு பத்து நாள் பேசவும் இல்லை. அந்தப் பத்து நாளும் கடை மிக நன்றாக நடந்தது.

ரத்தப்போக்கு நின்றது. பதினைந்து நாள் கழித்து டாக்டர் பார்த்து, மறுபடி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று புதுச் சீட்டு எழுதினார். பழனியம்மாள் அதைக் கொண்டுவந்து முதலாளியைத் தாண்டி நேராக என்னிடம் நீட்டினார். நான் முன்பக்கத்தை இரண்டு முறை படித்தேன். சின்ன பாட்டில் ஒன்றில் இருபத்தொரு மாத்திரையையும் எண்ணிப் போட்டேன். பிறகு ஒரு காகிதத்தை மடித்துப் பல் வெட்டினேன். இருபத்தெட்டுப் பல். இருபத்தொன்றை வெள்ளையாக விட்டேன். கடைசி ஏழையும் மசி தொட்டுக் கறுப்பாக்கினேன். ஒட்டுவதற்கு பாட்டில் போதவில்லை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

"தினம் ஒரு பல்லக் கிள்ளிப் போடுங்கம்மா. வெள்ளப் பல்லுன்னா மாத்திரை. கறுப்புப் பல்லுன்னா பாட்டிலத் தொறக்கக் கூடாது. கறுப்பு தீர்ந்ததும் பஸ் ஏறுங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

முதலாளி பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

பழனியம்மாள் கறுப்புப் பற்களை விரலால் தடவி எண்ணினார். "நான் கட்டுனதாலதாம்மா உங்களுக்கு இம்புட்டும்" என்றேன்.

"கட்டுன கைதானுங்க அம்மிணி. இனிச் சரியாக் கட்டட்டும்" என்றார்.

பிறகு எத்தனையோ பேருக்கு அந்தப் பல் காகிதத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்று கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: சீட்டை முன்பக்கத்திலிருந்து படியுங்கள். நீட்டுகிறவர் எத்தனை பஸ் மாறி வந்தார் என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்து தப்பான இடத்தில் இருந்தால், அதை நீங்களே காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு, அதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பாட்டிலைக் கொடுக்கப் போகும்போது, பழக்கதோஷம், என் கை தானாகப் பழைய செய்தித்தாளை எடுத்தது. பழனியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"காயிதம் வேண்டாமுங்க."

பாட்டிலை அப்படியே கையில் வாங்கினார். பெஞ்சுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, நூலில் தொங்கிய காகிதத்தை நேராக்கிக்கொண்டு, கடைவீதி வழியாக அதைக் கையிலேயே பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.