தென்மேற்கு வானம் தெரிகிற இடம்

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் சனம் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வீட்டை நிறுத்திவைத்துக் கழுவும். மொன்றியலின் அஹுன்ட்சிக்கில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மட்டும் மூன்று முற்றங்களில் சில்லு வைத்த வீடுகள் நிற்கின்றன. மோட்டர்ஹோம் என்பார்கள். உள்ளே கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் உண்டு. நல்ல வீடு ஒன்று பக்கத்திலேயே இருக்க, யாரும் துரத்தாமல், ஒரு குண்டும் விழாமல், தாங்களாகவே சட்டி பானையை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுக்குள் படுத்துவிட்டு வருகிறார்கள். இடம்பெயர்வதைப் பொழுதுபோக்காகவும் செய்யலாம் என்று இந்த நாட்டுக்கு வந்துதான் அறிந்தேன். நாங்கள் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதில் பாதி வழியிலேயே விழுந்துபோனது. இவர்கள் திரும்பி வரும்போது முகம் நல்லாய்க் கறுத்து, சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

போன வருடம் எங்கள் மகள் ஆரணியும் மருமகனும் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். என் கணவர் பாண் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடமும் அதுதான். "முதல் பயணம் நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ" என்று மகள் வண்டித் திறப்பைக் கையில் தந்தாள். எனக்கு எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கிழக்கே, இந்தக் கெபெக் மாகாணம் முடிகிற இடத்தில், பெர்சே என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலுக்குள் ஓட்டை விழுந்த பெரிய பாறையொன்று நிற்கும். இங்கே ஆற்றின் நடுவில் உள்ள தீவில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தும் நான் ஒருநாளும் இந்த நாட்டுக் கடலைப் பார்த்ததில்லை. பிள்ளைகளின் படிப்பு, இரண்டு வேலை, வீட்டுக் கடன் என்று ஒவ்வொரு கோடையும் அது தள்ளிப்போனது. இந்த முறை விடுவதில்லை என்று நினைத்திருந்தேன்.

இவர்தான் விடவில்லை. தமிழ்த் தொலைக்காட்சி இல்லாத இடத்துக்குத் தான் வரமாட்டாராம். நாடகம் பார்ப்பதற்கு என்று நினைக்காதீர்கள். மரண அறிவித்தல் பார்ப்பதற்கு. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்கச் சற்றுக் கஷ்டமாக இருக்கும். உங்களுக்கு ஒரு சாவு என்றால் வாசலில் வந்து ஆள் சொல்லும், பறை கேட்கும். எங்கள் சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் பின்னேரமானால் தொலைக்காட்சியில் படம் போட்டுத்தான் சொல்வார்கள். செத்தவர் எந்த ஊர், யாருடைய மகன், யாருக்கு மைத்துனர், உடல் எங்கே பார்வைக்கு வைக்கப்படும் என்று ஒருவர் உருக்கமாக வாசிப்பார். என் கணவர் அதை ஒருநாளும் தவறவிடுவதில்லை. தெரிந்த முகம் வந்தால் அன்றிரவே வெள்ளைச் சேட்டு அயன் பண்ணப்படும். "ஓய்வெடுத்த மனுசன் ஒரு கிழமை சாகிற ஆக்களை மறந்திருக்கக் கூடாதே?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஒருத்தற்றை செத்தவீட்டுக்கும் போகாட்டி எங்கடைக்கு ஆர் வருவினம்?" என்றார். அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது.

கைபேசியில் பார்க்கலாமே என்றாள் மகள். ஆனால் வண்டியை நிறுத்தித் தங்க அவள் பதிந்து வைத்த முகாமிடத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது என்று அந்த இடத்துக்காரர்களே எழுதியிருந்தார்கள். ஆகவே வண்டிக்கு ஒரு சற்றலைற் டிஷ் வாங்குவதாக முடிவானது. இந்தச் செய்தி கேட்கும் பைத்தியம் இவருக்குப் புதிதல்ல. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்குவார். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் தொண்டை அடைத்துப்போகும். அந்தக் கையைப் பார்த்துத்தான் இந்த மனுசன் எதையும் தாங்குவார் என்று நம்பினேன். அதே பிடிவாதம் வயது போனபின் எனக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது தெரியவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் இந்தச் சாமான்கள் விற்கும் கடையொன்று இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து பொறுமையாக விளக்கினார். ஒன்று, மூடி போட்ட சோற்றுப்பானை மாதிரி இருந்தது. அதைக் கூரையில் பூட்டிவிட்டு ஒரு பொத்தானை அமத்தினால் தானே சுழன்று சற்றலைற்றைத் தேடிப் பிடிக்கும். மற்றது முக்காலியில் நிற்கும் சாதாரண டிஷ். ஒவ்வோர் இடத்திலும் இறக்கி, கையால் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆனால் நீளமான வயர் இருப்பதால் வண்டியை விட்டுத் தூரத்திலும் கொண்டுபோய் வைக்கலாம். வானத்திலிருந்து இணையத்தை இறக்கும் தட்டு ஒன்றும் இருந்தது. "இன்ரநெற்றிலை படம் நிண்டு நிண்டு வரும்" என்று என் கணவர் அதன் பக்கமே போகவில்லை.

விளக்கி முடித்த கடைக்காரர் என்னைப் பார்த்து, "மடம், உங்களுக்கு நிழல் விருப்பமா, வெயில் விருப்பமா?" என்று கேட்டார். நான் அதை வியாபாரிகள் ஒப்புக்குக் கதைக்கும் கதை என்று எடுத்துக்கொண்டேன். "நிழல்தான். வெயிலில் யார் இருப்பார்கள்?" என்றேன். அவர் சிரித்து, முக்காலி டிஷ்ஷைத் தட்டிக் காட்டி, "அப்படியென்றால் உங்களுக்கு இதுதான்" என்றார்.

அது கடையிலேயே மலிவான சாமான். என் கணவரின் முகம் மாறியது. "பாத்தீரே, எங்கடை தோலைப் பாத்துப்போட்டு மலிவானதைக் காட்டுறான்" என்று தமிழில் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த நாட்டில் எத்தனை கடைகளில் நாங்கள் கேட்காமலேயே கழிவு விலைத் தட்டைக் காட்டியிருக்கிறார்கள். பற்றாததற்கு, வில்லரேயில் மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில் மாரிக்குளிருக்குள் பல்கனியில் நின்று டிஷ் திருப்பியதை இவர் மறக்கவில்லை. நான் உள்ளே நின்று "வருது, வருது... போட்டுது" என்று கத்த, வெளியே அவருடைய விரல் விறைத்துப்போகும். "இனி என்ரை கையாலை டிஷ் திருப்பமாட்டன்" என்று சொல்லி, விலை கூடிய சோற்றுப்பானையையே கேட்டார். கடைக்காரர் "மரங்கள், முசியே, மரங்கள்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இவர் கடனட்டையை எடுத்து நீட்டிவிட்டார். அந்த மனிதர் தோளைக் குலுக்கிக்கொண்டு பெட்டியைக் கட்டினார்.

புறப்படுகிற கிழமை தவமணியக்கா போன் எடுத்தா. ஷபனெல் தெருவில் குளிர்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவ. நான் கை தைப்பேன், அவ கொலர் தைப்பா. புருசன் செத்துப்போய்விட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பெண்களை முடித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் வீட்டில் தமிழ் கதைக்க ஆளில்லை. அதனால் எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் போன் வரும். இவரோடு நான் படும் அரிகண்டத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தா.

"விசரி, அந்தாளை இழுத்துக்கொண்டு போ. ஆர் செத்தது எண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

"போன் வேலை செய்யாதாம் அக்கா."

"அப்ப வந்தாப்பிறகு எல்லாச் சாவையும் சேத்துச் சொல்லுறன்" என்றா.

மூன்றாம் நாள் மட்டான் ஊருக்கு அருகே, காட்டுக்குள் இருந்த முகாமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பெர்சே. மகள் இடம் பதியும்போது, "நல்ல நிழலான இடமாப் பார் பிள்ளை" என்று சொன்னவள் நான்தான். எங்கள் சனத்துக்கு இடம் என்றால் முதலில் நிழல் வேண்டும். வெயிலில் கிடந்து வறுபடுவது இந்த ஊர்க்காரரின் ஆசை. மகளும் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தாள். அண்ணாந்தால் வானமே தெரியாத அளவுக்கு ஊசியிலை மரங்கள். கதிரையைப் போட்டு இருந்தபோது எனக்குப் பரமசுகமாக இருந்தது. அதே நேரம் கூரையில் சோற்றுப்பானை கிறீச்சிட்டுச் சுழலத் தொடங்கியது. சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. திரையில் சிக்னல் இல்லை என்ற ஒரே வசனம். கடைக்காரர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. சற்றலைற் தென்மேற்கே, வானத்தில் தாழப் பதிவாக இருக்கிறது. ஒரு மரம் குறுக்கே நின்றாலும் படம் இல்லை. நிழல் வேண்டுமென்றால் டிஷ்ஷை மரமில்லாத வெட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் அந்த மலிவான முக்காலி. மனிதர் எங்களை மதித்துத்தான் காட்டியிருக்கிறார். எங்கள் ரோசம் எங்களையே சாப்பிட்டது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

"வண்டியைக் கொண்டுபோக வேண்டியதுதான்" என்றார் இவர்.

அந்த முகாமிடம் முழுவதிலும் தென்மேற்கு வானம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாசலோரம், வண்டிகள் தங்கள் கக்கூசுத் தொட்டியைத் திறந்து ஊற்றும் இடம். நான் விரித்த பாயைச் சுருட்டி, வைத்த தேத்தண்ணியை ஊற்றி, வண்டியில் ஏறினேன். எனக்கு அழுகை வராத குறை. கடலுக்கு ஒருநாள் தூரத்தில், மலக்குழிக்குப் பக்கத்தில், செத்தவர்களின் முகத்தைப் பார்க்கவா இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று வாய்விட்டே கேட்டேன். சோற்றுப்பானை இரண்டு சுற்றுச் சுற்றி அமைதியானது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. "பாத்தீரே?" என்றார், தானே அந்தச் சற்றலைற்றை ஏவியவர் போல.

வண்டிக் கதவு திறந்திருந்தது. தன் தொட்டியை ஊற்ற வந்த ஒரு கெபெக்காரர், பெரிய வயிறும் தொப்பியுமாக, "பொன்ஜூர்" என்று எட்டிப் பார்த்தார். பேஸ்போல் ஆட்டம் போகிறது என்று நினைத்திருப்பார். திரையில் மாலை போட்ட ஒரு வயோதிபரின் படம் இருந்தது, பக்கத்தில் குத்துவிளக்கு. பிறகு ஓர் அம்மா. பிறகு கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன்.

"இவர்கள் இறந்துபோனவர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்" என்று தலையாட்டினார் என் கணவர்.

"உங்கள் குடும்பமா?"

எங்கள் சனம் என்பதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது? இவர் "வுய், வுய்" என்று ஓம் போட்டுவிட்டார்.

"எல்லாருமா?"

"வுய்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். "மே சாம்பத்தி, மடம்" என்று என்னிடம் அனுதாபம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்குவதற்காக முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினேன்.

திரையில் தவமணியக்கா இருந்தா.

மூத்த மகனின் கலியாணத்தில் எடுத்த படம். பச்சைக்கரைச் சீலை, நான்தான் முன்னுக்கு மடிப்பெடுத்துக் கொய்யகம் பிடித்துவிட்டது. நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட என்று அந்தக் குரல் வாசிக்கத் தொடங்கியது. முந்தநாள் நித்திரையிலேயே போயிருக்கிறா. பார்வை நாளைப் பின்னேரம், கிரியை அதற்கு மறுநாள். அந்தக் கெபெக்காரர் இன்னும் தொப்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்ன அனுதாபம் ஓர் ஆளுக்கு முந்திவிட்டது, அவ்வளவுதான். நான் அவருக்கு முன்னாலேயே அழுதேன்.

அவர் போனபின் என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். எந்தச் செத்தவீட்டையும் விடாத அந்த மனுசன் சொன்னார்:

"காலமை பெர்சே போய்க் கடலைப் பாப்பம். பேந்து அங்காலை ஓடினாக் கிரியைக்கு எண்டாலும் போய்ச் சேரலாம். நீர் இவ்வளவு காலம் கேட்டனீர். அக்கா ஒண்டும் நினையா."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவவுக்குச் சீலை உடுத்த அங்கை ஆர் இருக்கினம்?" என்றேன். எங்கள் வழக்கத்தில் செத்த பெண்ணுக்கு நெருங்கிய பெண்கள்தான் சீலை உடுத்திவிட வேண்டும். இங்கே பார்வைக்கு முன் மண்டபத்தின் பின்னறைக்குள் போய் அதைச் செய்வோம். அவவின் மருமக்கள் நல்ல பிள்ளைகள். கொய்யகம் என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மண்டபத்துக்காரர்கள் ஒரு துணியைப் போர்த்துவதுபோலச் சுற்றிவிடுவார்கள். "பார்வைக்கு முன்னம் போகவேணும். வண்டியை எடுங்கோ" என்றேன். அவர் எடுத்தார்.

இருட்டில் கொஞ்சத் தூரம் ஓடி, ஒரு கடைத்தெருவோரம் கண்ணயர்ந்து, கிழக்கு வெளிக்கும் முன் மறுபடி புறப்பட்டோம். வரும்போது, எங்கள் தீவிலிருந்து கூடவே வந்த ஆறு சாரதிப் பக்கம் இருந்தது. நான் தோட்டங்களையும் தேவாலயங்களையும் பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பும்போது அது முழுவதும் என் பக்கம். அங்கே அது மறுகரை தெரியாத அகலம், உப்பு மணக்கும், அந்த ஊர்ச் சனம் அதைக் கடல் என்றே சொல்கிறார்கள். பெர்சேயில் பாறைக்கு முன்னால் நின்று படம் எடுக்கவென்று மடிப்புக் கலையாமல் கொண்டுவந்த நாவல் நிறச் சீலையை எடுத்து மடியில் வைத்து, தவமணியக்காவின் உயரத்துக்குக் கொய்யகத்தை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மறுகரை மெல்லத் தெரியத் தொடங்கியிருந்தது.