நாலு பூட்டுக்கு மேல் ஒரு மாடி

எங்கள் கட்டடத்தில் ஆளே இல்லை என்று எழுதிவிட்டுப் போன ஆபீசரே, உங்களைத்தான் சொல்கிறேன். வீடு கட்டி வாடகைக்கு விடுகிற தொழிலில் சிமெண்டைவிட வாய்தான் அதிகம் செலவாகும். அந்த வாயையும் அடைத்துவிட்டீர்கள்.

இதே தொழிலில் அவதிப்படுகிற அண்ணன் தம்பிகளுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் புதூர்நாட்டிலிருந்து புளி மூட்டையோடு ஜீப்பில் இறங்கியவன் நான். ஏழாவதோடு படிப்பு சரி. அடிவாரத்தில் கூத்துக்காரர்களும் மேளக்காரர்களும் இருக்கிற தெருவுக்கு ஒரு அரசாங்கச் சலுகை வந்தது. நாலு வீட்டைக் குறைந்த வாடகைக்கு அவர்களுக்கே ஒதுக்கினால், இரண்டு மாடிக்கு மேல் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். அந்த மேல்மாடி வாடகைதான் நாலு வீட்டையும் தாங்கும். கட்டினேன்.

பெட்டி

கூத்து வாத்தியாரிடம் வாடகை பேச ஒரு வாரத்துக்கான வாதத்தோடு போனேன். அவர் வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. படியை அகலமாக்கச் சொன்னார். பிளானில் இருக்கிற அளவுதான் என்றேன். மறுநாள் கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கட்டையும் வைக்கிற பெட்டியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பிறகு நானே சுவரை இடித்தேன். வாத்தியார் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இன்னா கொரலு மேஸ்திரி உங்களுக்கு. ராஜா வேஷத்துக்கு ஆள் இல்லாம கெடக்கோம், வர்றீங்களா?"

மத்தளம்

கீழ்வீட்டில் முழு வாடகைக்கு இருப்பவர் திருப்பத்தூரில் பேங்க் வேலை பார்க்கிறார். மதியம் மூன்று மணிக்கு மேலே மத்தளம் அடிக்கிறார்கள், வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்றார். பண்ணுங்கள் என்று நானும் எகிறினேன். பண்ணவில்லை. பங்குனி பிறந்து கூத்து ஜமா ராத்திரிதோறும் ஊர் ஊராய் ஆடப் போக ஆரம்பித்ததும் மறுபடி வந்தார், முகமே சரியில்லை. "மேஸ்திரி, சத்தம் நின்னதுல எங்க பாப்பா மதியானம் தூங்கவே மாட்டேங்குது. அவங்க மறுபடி எப்ப அடிப்பாங்க?"

பூட்டு

கூத்து சீசனில் அவர்கள் விடிய விடிய ஆடிவிட்டு முதல் பஸ்ஸில் வருவார்கள். படுத்தால் எழுந்திருக்க மதியம் இரண்டு மணியாகும். யாரும் தட்டி எழுப்பக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் கதவை வெளியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். நாலு வீட்டிலும் இதுதான் வழக்கம்.

நீங்கள் வந்தது பதினோரு மணிக்கு. நாலு பூட்டைப் பார்த்தீர்கள். உள்ளே நாலு குறட்டை. ஒதுக்கிய வீடுகள் காலி, சலுகை ரத்து, மேல்மாடியை இடிக்கவும் என்று நோட்டீஸ் வந்தது. அந்த மாடி போனால் அதே வாடகைக்கு அவர்களை வைத்திருக்க என்னால் முடியாது. உங்கள் ஆபீசுக்கு ஓடிவந்து மேசையைத் தட்டினேன். கிளார்க் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். "தொறந்திருக்கு, பூட்டியிருக்கு, ரெண்டு கட்டந்தாங்க இருக்கு. தூங்கறாங்கன்னு எங்க எழுதறது?"

வாத்தியார்

நோட்டீஸை வாத்தியாரிடம் காட்டினேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். படித்து முடித்து, மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தார். "எந்த நாளு வர்றாங்கன்னு மட்டும் கேட்டு வையிங்க மேஸ்திரி. அன்னிக்கு நாங்க தூங்காம ஒக்காந்துக்கினு இருக்கோம்."

ஆட்டம் முடித்து வருகிற மனுஷனை உட்காரவைத்து எண்ணுவதைவிட உங்கள் கடிகாரத்தை நாலு மணிநேரம் தள்ளிவைப்பது சுலபம், அதனால் ஆபீசரே, ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு வந்து நாலு வீட்டிலும் தலையை எண்ணி, அந்த நோட்டீஸை உங்கள் கையாலேயே ரத்து செய்யுங்கள்.