கோஷம் போட்ட நாக்குக்கு ஆதிதாளம்

வாயாலேயே மிருதங்கம் வாசிக்கிற கொன்னக்கோல் என்ற வித்தையில் தோல் கிழிவதில்லை. கற்றுக்கொள்கிறவனுடைய மானம் மட்டும் அவ்வப்போது கிழியும். வயது போன பிறகு தாளம் பழகப் போய் அகப்பட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்ல வருவது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் தப்பித்தவர்கள். அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எழுத்தும் குரலும்

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. பிறகு நாற்பது வருடம் நானே துண்டுப்பிரசுரம் எழுதினேன். மன்னாரில் எந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்று கத்தினால் எந்த யன்னல் மூடும் என்பது எனக்கு மனப்பாடம். ஒலிபெருக்கி எனக்குத் தேவைப்பட்டதில்லை. போன வருடம் பாரிசவாதம் லேசாகத் தட்டியது. கையும் காலும் தப்பிவிட்டன. நாக்குத்தான் அகப்பட்டது. ர, ற வருகிற சொற்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே வழுக்கி விழுந்தன.

அந்த நேரம் பார்த்து, விடுதி கட்டுகிறோம் என்று வந்த ஒரு கம்பனி, தோட்டவெளியில் நாங்கள் கரைக்குப் போகிற பாதைக்குக் குறுக்கே வேலி போட்டது. எஞ்சினையும் வலையையும் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி நடக்கவேண்டிய நிலைமை. ஆறு மாதத்தில் விசாரணைக் கூட்டம் வைக்கிறோம் என்று கந்தோரில் திகதி தந்தார்கள். அங்கே கொடுக்கிற தாள் கோப்பின் அடிக்குப் போய்விடும். வாயால் சொல்வதுதான் பதிவில் ஏறும். அங்கே சொல்லவேண்டிய ஏழு கோரிக்கைகளையும் எழுதியவன் நான். எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில் அவற்றை வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கச் செயலாளர் டேவிற்தான் எழும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "அண்ணை, எழுத்து உங்கட. குரல் என்ர. பிரிச்சுச் செய்வம்."

வாக்கெடுப்பு

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தந்த பிள்ளைதான் வழி காட்டினாள். நாக்குக்கு உடற்பயிற்சி வேண்டும் என்றால் உப்புக்குளத்தில் ஒரு ரீச்சர் 'தகதிமி' சொல்லிக்கொடுக்கிறா, போய்ப் பாருங்கோ என்றாள். போனேன். ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடி, நிலத்தில் பாய். ரீச்சரின் பெயர் ஆரணி. இருபத்தேழு வயது இருக்கும். இலுப்பைக்கடவைப் பக்கத்து வயல்காரக் குடும்பம். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து போவா. பெரியவர்கள் வகுப்பில் என்னோடு ஒரே ஒருவர்: நசீர். ஓட்டோ ஓட்டுகிறவர், சவாரி வராத நேரங்களில் ஓட்டோவின் கைப்பிடியில் தட்டித் தட்டியே இந்த நோயைப் பிடித்துக்கொண்டவர்.

முதல் நாள் 'தகதிமி'யை ஒரே வேகத்தில் அறுபத்துநாலு தரம் சொல்லவேண்டும் என்றா. இருபதாவதில் எனக்கு அலுத்துவிட்டது. நாற்பது வருடம் தீர்மானங்களுக்குத் திருத்தம் கொண்டுவந்தவன் சும்மா இருப்பானா? "ரீச்சர், இந்த வேகத்தை ஆர் தீர்மானிச்சது? மாணவரிட்டயும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றேன். நசீர் பாயைப் பார்த்தார். ரீச்சர் கோபிக்கவில்லை. "தொடங்க முந்திக் கேளுங்கோ ஐயா, மாத்துவம். தொடங்கினால் அதே வேகத்திலதான் முடிக்கோணும். நடுவில வாக்கெடுப்பில்லை."

முஷ்டி

ஆதிதாளத்தைக் கையால் போடுகிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடையில் ஒரு தட்டு, சின்னவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. மொத்தம் எட்டு. ஐந்து வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். என் வலது கை தொடையில் விழும்போதெல்லாம் முஷ்டியாகவே விழுந்தது. விரித்துக்கொண்டுதான் தூக்குவேன், இறங்கும்போது தானாக மூடிக்கொள்ளும். நோயா என்று ரீச்சர் கேட்டா. இல்லை, பழக்கம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தக் கையை அப்படித் தூக்கியதற்காக இரண்டு தரம் உள்ளே இருந்திருக்கிறேன். ஒரு தரம் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அந்தக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு ரீச்சர் சொன்னா: "எல்லாம் சரி ஐயா. ஆனா மூடின கையில எண்ணுறதுக்கு விரல் இல்லை."

பதிலுக்குக் காத்திருத்தல்

கோஷம் போடுகிறவனுடைய திறமை அவன் சொல்லும் சொல்லில் இல்லை. சொல்லிவிட்டு அவன் விடுகிற இடைவெளியில் இருக்கிறது. முதல் பாதியை நான் சொல்வேன், கூட்டம் மறுபாதியைச் சொல்லும். இடைவெளி குறைந்தால் கூட்டம் தடுமாறும். கூடினால் சூடு ஆறிவிடும். அந்த அளவில் என்னை மிஞ்சியவர் இந்தக் கரையில் இல்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். வகுப்பில் அதுவே எனக்கு வினையாக வந்தது. 'தகதிமி' என்பேன், உடனே நிறுத்திவிடுவேன். அடுத்த தட்டு என்னைக் கேட்காமல் போய்விடும்.

மூன்று கிழமை இப்படியே போனது. நாலாம் கிழமை நசீரால் தாங்கமுடியவில்லை. நான் 'தகதிமி' என்று நிறுத்தியதும் கையை உயர்த்தி, "தகதிமி!" என்று பதில் போட்டார். பழக்கதோஷம், நான் இன்னும் உரத்துச் சொன்னேன். அவர் அதைவிட உரத்துச் சொன்னார். நாலைந்து சுற்று அருமையாகப் போனது. கீழே கணக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் படியில் ஏறி நின்று பார்த்தார்கள். கடைசிச் சில வருடங்களில் எந்த ஊர்வலத்திலும் எனக்கு அவ்வளவு முழுதாகப் பதில் வந்ததில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ரீச்சர் சிரித்து முடிக்கும் மட்டும் காத்திருந்தோம். "நசீர் அண்ணை, நீங்கள் இனி வாயைத் திறக்காதேங்கோ. ஐயா, இஞ்ச உங்களுக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் வரமாட்டினம். அந்த இடத்தையும் நீங்கள்தான் நிரப்போணும்."

விளைமீன்

வீட்டில் பயிற்சி கிணற்றடியில். என் மனைவி பிலோமினா மீன் வெட்டுகிற நேரம் நானும் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வேன். ரீச்சர் கைத்தொலைபேசியில் டிக் டிக் என்று அடிக்கிற ஒன்றைப் போட்டுத் தந்திருந்தா. இரண்டு நாளில் அதோடு சண்டை பிடித்து நிறுத்திவிட்டேன். முதலாளி வைத்த மணிக்கூட்டுக்கே நான் பணிந்ததில்லை.

பிலோமினா ஒரு பெரிய விளைமீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தா. நான் 'தகிட தகதிமி' என்று ஏழு எண்ணிக்கையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ பாட்டுக்கு அவவின் கத்தி என் சொல்லோடு சேர்ந்துகொண்டது. நன்றாக இருக்கிறதே என்று உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிச் சொன்னேன். செதில் பறந்தது, என் கண்ணாடியிலும் ஒட்டியது. திடீரென்று கத்தியை நிறுத்தி, விரலை வாயில் வைத்துக்கொண்டா. வெட்டுச் சின்னதுதான். பார்வைதான் பெரிது. "இஞ்சருங்கோ, கலியாணம் முடிச்ச நாள் தொடங்கி உங்களுக்குப் பின்னால ஓடிக்கொண்டுதான் இருக்கிறன். மீன் வெட்டேக்கயாவது கொஞ்சம் நடவுங்கோ."

அன்று பின்னேரம் டிக் டிக்கை மறுபடி போட்டேன்.

தகதிமி சங்கம்

சிவில் உடுப்பில் வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிற பொலிஸ்காரர் ஒருவர் இருக்கிறார். பல வருடப் பழக்கம். என் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிற சிலரில் அவரும் ஒருவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் இல்லை. ஒருநாள் வேலிக்கு வெளியே மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். இது என்ன பாஷை என்றார். பாஷையில்லை, தாளம் என்றேன். கொப்பியை எடுத்தார். மூன்று வேகத்திலும் சொல்லிக்காட்டினேன். முதல் வேகம் எழுதினார். இரண்டாவதைப் பாதி எழுதினார். மூன்றாவதற்குப் பேனையை மூடிவிட்டார். அடுத்த கிழமை தொலைபேசியில் எடுத்தார். குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. "ஐயா, குறை நினைக்கவேணாம். பெரியவர் ரிப்போர்ட் பார்த்திட்டுக் கேக்கிறார், இந்தத் தகதிமிக்குத் தலைவர் யார், எத்தனை மெம்பர்?"

விழுந்தால்

எனக்கு எமன் 'தரிகிட'. அந்த 'ரி'யில் நாக்கு ஒவ்வொரு தரமும் இடறும். இடறினால் நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து தொடங்குவேன். கோஷம் பிழைத்தால் அதுதான் முறை. உரத்த குரலில் முதலாவது வரியிலிருந்து பிடித்தால் கூட்டம் பிழையை மறந்துவிடும். ரீச்சரிடம் அது செல்லவில்லை. விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரே வகுப்பில் பதினொரு தரம் விழுந்து பதினொரு தரம் முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு பாயை விட்டு எழும்பி, செருப்பைத் தேடினேன். என் நாக்கு இனி எனக்கு உதவாது, டேவிற்றே வாசிக்கட்டும் என்று சொன்னேன். அப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ரீச்சர் என்னைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தா. நசீரும் போட்டார். கதவடியில் நின்ற என் கையும் காற்சட்டைப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்ததை நசீர்தான் கண்டு கண்ணால் காட்டினார். ரீச்சர் எண்ணிக்கையை விடாமலே பேசினா: "வாய் விழட்டும் ஐயா, அது விழும். கையை நிப்பாட்டாதேங்கோ. கை நடந்துகொண்டிருந்தா அடுத்த சுற்றில வாய் ஏறிக்கொள்ளும்."

சோதனை

விசாரணைக்கு முதல்நாள் சங்கக் கட்டடத்தில் ஏழு கோரிக்கைகளையும் மறுபடி வாசித்தேன். பாதையைப் பற்றியவை மூன்று, கடலைப் பற்றியவை நாலு, 'தகிட தகதிமி'தான். டேவிற் தன் கையிலிருந்த கடதாசியோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தான். அவன் கெட்டவனல்ல. மேடையில் நிற்கிற ஆசை அவனுக்கும் இருந்தது, எனக்கு இருந்தது போலவே. "வாசியுங்கோ அண்ணை. நான் பக்கத்தில கடதாசியோட நிப்பன். நீங்கள் இடையில நிண்டால் நான் தொடங்குவன்."

ஏழு

கந்தோர் மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், கம்பனியின் ஆள், பதிவு எழுதுகிற எழுதுவினைஞர் அம்மா. இந்தப் பக்கம் நாங்கள். எழும்பி நின்றேன். வலது கை காற்சட்டைப் பக்கத்தில், விரித்தபடி. முதல் மூன்றும் சுகமாகப் போயின. நாலாவதில் 'இறங்குதுறை' என்ற சொல் இருந்தது. எழுதியவன் நானேதான், யாரையும் நோகமுடியாது. நாக்கு இடறியது. கம்பனி ஆள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை உயர்த்தினான். பக்கத்தில் டேவிற் மூச்சை இழுத்ததும் கடதாசி சரசரத்ததும் எனக்குக் கேட்டன.

முந்தியென்றால் அந்த இடத்தில் கத்தியிருப்பேன். முதலாவதிலிருந்து தொடங்கியிருப்பேன். இப்போது கை நடந்துகொண்டிருந்தது. தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. டேவிற் என் கையைப் பார்த்தான். திறந்த வாயை மூடினான். அடுத்த தட்டில் 'இறங்குதுறை' என்று முழுதாகச் சொன்னேன். ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றுக்காவது குரலை உயர்த்தவில்லை. பாதையை அளக்க ஆள் அனுப்புவதாகவும், அதுவரை வேலியில் ஒரு படலை திறந்து விடவேண்டும் என்றும் அதிகாரிகளில் பெரியவர் சொன்னார். படலையை நான் வெற்றி என்று எழுதமாட்டேன். படலைகள் மூடுவதையும் பார்த்தவன்.

வெளியே வரும்போது எழுதுவினைஞர் அம்மா பின்னால் வந்தா. இருபது வருடமாக என்னைக் கந்தோர் வாசலில் பார்க்கிறவ. பாராட்டத்தான் வருகிறா என்று நினைத்து நின்றேன். அவவும் பாராட்டத்தான் வந்தா.

"ஐயா, இண்டைக்குத்தான் நீங்கள் சொன்னது ஒவ்வொண்டா விளங்கி ஏழையும் எழுதினனான். முந்தி எல்லாம் ஒரே சத்தம். நான் 'எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது' எண்டு எழுதிப்போட்டு விட்டிடுவன்."

ஆகவே, தாளத்தில் அகப்பட்ட என் சக துன்பக்காரர்களே, நாற்பது வருடம் அடித்தொண்டையில் கத்தியதற்கு அரசாங்கப் பதிவில் எனக்குக் கிடைத்தது திரும்பத் திரும்ப ஒரே வரி, ஆறு மாதம் தொடையில் தட்டியதற்குக் கிடைத்தது ஏழு.