தறி அறையில் இருந்த கிராபிக்ஸ் கார்டு

“வேலை சுத்தம். ஆனால் துணி பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது” என்று நான் வேலை கேட்டு அனுப்பிய படத்துக்குச் சென்னையில் இருக்கும் ஓர் அனிமேஷன் கம்பெனி பதில் எழுதியிருந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவள் நான். நான் கம்ப்யூட்டரில் செய்த பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் என்றால் எப்படி இருக்கும்? சுருக்கென்று தைத்தது. கூடவே கோபமும் வந்தது. ஆனால் கடைசி வரியில், திங்கட்கிழமைக்குள் இன்னொரு மாதிரிப் படம் அனுப்பினால் பார்க்கிறோம் என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பகலில் ஏனாத்தூரில் மாணவர்களுக்கு புராஜெக்ட் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் துணி செய்வேன். சினிமாவிலும் கேமிலும் வரும் பொம்மை மனிதர்களுக்கும் யாராவது உடை தைத்தாக வேண்டுமே, அந்த வேலை. அதுவே என் பிழைப்பாகிவிட வேண்டும் என்பது என் வெறி. முதலில் அனுப்பிய படத்தில், ஒரு வழவழப்பான பரப்பின்மேல் புடவைப் புகைப்படத்தை ஒட்டியிருந்தேன். கம்பெனிக்காரர்கள் சொன்னதில் தப்பில்லை என்பது கோபம் ஆறிய பிறகு தெரிந்தது. இந்த முறை நெடுக்கே ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை, ஜரிகை என்று ஒவ்வோர் இழையாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நெய்துவிட்டேன். நெய்தேன் என்றுதான் சொல்வேன், யார் சிரித்தாலும் சரி.

ஆனால் அந்தப் புடவையை நானே இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. படத்தை உருவாக்கு என்ற பொத்தானை அழுத்தினால், மெமரி போதவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு என் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டை மாற்றினால்தான் வழி.

என் சேமிப்புக்கு இரண்டு கார்டுகள் கிடைத்தன. ஒன்று கடையில் இருந்த புத்தம் புதியது. வாரண்டி உண்டு, வேகம் உண்டு, மெமரி எட்டு ஜிபி. இன்னொன்று பக்கத்து ஐயம்பேட்டையில் ஒருவர் ஆன்லைனில் விற்பதற்குப் போட்டிருந்த பழையது. மெமரி இருபத்துநான்கு ஜிபி! அதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ‘சின்னப் பிரச்சினை உண்டு, நேரில் வந்து பார்க்கவும்’ என்று கீழே எழுதியிருந்ததால்தான் அந்த விலை. புதியதில் என் புடவை மடங்கி உட்காருமா என்பது சந்தேகம். பழையதில் தாராளமாக உட்காரும். ஆனால் அந்தக் கார்டுக்கு உயிர் இருக்க வேண்டும்.

“புதுசே வாங்குமா. பில்லு இருக்குது, கெட்டா கடைக்காரன் சட்டைய புடிக்கலாம். பழச வாங்கிட்டு யார் சட்டைய புடிப்ப?” என்றார் அண்ணி. எங்கள் வீட்டில் தறியில் உட்காருகிறவர் அண்ணிதான். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கிரிப்டோ என்னும் ஆன்லைன் காசு எடுப்பதற்காகக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி, சக்கையாகப் பிழிந்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவேனா, போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன்.

“சனிக்கிழமைல இரும்பு வாங்கக் கூடாது.”

“அது அலுமினியமும் செம்பும் அண்ணி.”

அப்படியானால் ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அண்ணி கறாராகச் சொல்லி, ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

விற்கிறவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். எங்களை நேராகத் தறி அறைக்கு அழைத்துப் போனார். தறியில் அவருடைய அம்மா நெய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் கம்ப்யூட்டர். “வூட்லயே இந்த ரூம்தான்க்கா ஜில்லுனு இருக்குது. கார்டுக்கு சூடு ஆகாதுல்ல, அதான் இங்கயே வெச்சிக்கினேன்” என்றார். பட்டு இழை காயாமல் இருக்கத் தறி அறையை எல்லா வீட்டிலும் குளுகுளுவென்றுதான் வைத்திருப்போம். என் கம்ப்யூட்டரும் எங்கள் தறிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பலே ஆள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கார்டை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. சூடு காட்டும் எண் விறுவிறுவென்று ஏறியது. பட்டென்று திரை இருண்டுவிட்டது.

“இதான்க்கா பிரச்சினை. கேம் ஆடிக்கினே இருப்பேன், ஆஃப் ஆயிடும். சாவப் போவுதுனு நினைக்கிறேன். பொய் சொல்லி விக்க மனசு வரல.”

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கடை, பில், சட்டை எல்லாம் இருந்தது. இருந்தாலும் சும்மா திரும்ப மனமில்லை. செல்போன் வெளிச்சத்தைக் கார்டின் இடுக்கில் அடித்துப் பார்த்தேன். உள்ளே ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது. கார்டுக்குள் ஏது ரோஸ்? ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, ஃபேன் மூடியைக் கழற்றினேன்.

பட்டுப் பிசிறு! சூட்டை வெளியேற்ற வேண்டிய தகடுகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. மேலே ரோஸ், அதற்கடியில் கிளிப்பச்சை, அடியில் மாம்பழ மஞ்சள். அந்த வீட்டில் எந்தப் பாவுக்குப் பின் எந்தப் பாவு ஏறியது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். தறி ஓட ஓடப் பறந்த பிசிறையெல்லாம் ஃபேன் உள்ளே இழுத்து வைத்திருந்தது. குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு அவர் கார்டின் மூக்கை அடைத்துவிட்டார். நான் மட்டும் என்ன யோக்கியம்? சிரிப்பு பீறிட்டது.

“தம்பி, இது கெடவே இல்ல! மூச்சு முட்டிக்கினு கெடக்குது!” என்று கத்திவிட்டேன்.

பழைய டூத் பிரஷால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து மறுபடி ஓட்டினோம். சூடு பாதியில் நின்றது. ஃபேன் சத்தமே கேட்கவில்லை. நான் கைதட்டினேன். இளைஞர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“அப்போ... நானே வெச்சிக்கலாமேக்கா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. அண்ணி என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். இளைஞர்மேல் தப்பில்லை, அது அவருடைய கார்டு. ஆனால் அழுகை வந்துவிட்டது. என் பையில் பென்டிரைவ் இருந்தது. “குடுக்கலனாலும் பரவால்லப்பா. என் புடவைய ஒரு வாட்டி இதுல பாத்துக்கினு போயிடறேன்” என்றேன்.

பொத்தானை அழுத்தினேன். மெமரி போதவில்லை என்ற வரி வரவில்லை! திரையில் முதலில் பொரிப் பொரியாகப் புள்ளிகள். பிறகு அரக்கு நிறம் தெளிந்தது. கொடியில் தொங்கும் ஒரு முந்தானை, பச்சைக் கரை, மடிப்பில் வெளிச்சம் பட்டு ஜரிகை மினுமினுத்தது. உடம்பில்லாத துணி விழுகிற விதமும், பட்டின் கனமும் அப்படியே இருந்தன.

தறிச் சத்தம் நின்றிருந்தது. இளைஞரின் அம்மா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக்கொண்டு, கரையைப் பிடித்துக் கசக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். நகம் கண்ணாடியில் டக்கென்று இடித்தது.

“அய்யய்யோ!” என்று வெட்கத்தோடு சிரித்துக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இளைஞர் அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “சொன்ன வெலைக்கே எடுத்துக்கினு போக்கா. நான் கேம் ஆடறதுக்குப் புதுசா ஒரு சின்ன கார்டு போதும்.”

திரும்பும்போது ஐயம்பேட்டை ரோட்டில் நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டு வண்டி ஓட்டினேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கார்டை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் வாயே திறக்கவில்லை. பழையதை வாங்கியதில் கோபமோ என்று நினைத்து, “இன்னா அண்ணி, பேச மாட்டறீங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்லடி. அந்தம்மா முந்திக்கினாங்க. இல்லனா நான்தான் கைய நீட்டியிருப்பேன்.”