ஓரத்துத் துண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கண்ணால் கண்டதையே நம்பாமல் இன்னொரு தரம் பெருப்பித்துப் பார் என்றுதான் எங்களைப் பழக்குகிறார்கள். நான் நோயியல் படிக்கிற டொக்டர். மருத்துவபீடம், உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு ஒரு கடும் சோதனை, அதிலும் தப்பினால் வருடக்கணக்கில் நுணுக்குக்காட்டி முன்னால் இருப்பு. இவ்வளவும் செய்துவிட்டு வெள்ளவத்தையில் எங்கள் லிஃப்டில் ஏறினால் கீழ்வீட்டு அன்ரி, "பிள்ளை, இண்டைக்கு எத்தினை பிரேதம் வெட்டினனீர்?" என்றுதான் கேட்பார். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் உயிரோடு இருக்கிறவர்களின் சதைத் துண்டுகளை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது.

போன வருடம் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, பிற்பகல் மூன்று மணியிருக்கும், தேங்கிக் கிடந்த வேலையை முடிக்கலாம் என்று போனேன், லேபில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கையில் எடுத்தது ஒரு பெண்ணின் குரல்நாணிலிருந்து எடுத்த சதை. வயது இருபத்தொன்பது, சங்கீத ஆசிரியை, குரல் அடைக்கிறது என்று படிவத்தில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் ஐந்து சின்னத் துண்டுகள். நான்கில் ஒரு குறையும் இல்லை, ஓரத்தில் கிடந்த ஐந்தாவதில் அப்பட்டமான புற்றுநோய். கதிர்வீச்சோ வெட்டோ, எப்படியும் அந்தப் பிள்ளையின் பாட்டு போச்சு. ஆனால் இருப்பதை இல்லையென்று எழுத முடியுமா? புற்றுநோய் என்றே எழுதினேன், காலையில் பெரிய டொக்டர் பார்த்துக் கையெழுத்திட்டால் சரி.

அப்போது சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். ஒரு பெண் குரல், வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு இருக்குமே, அப்படிக் கணீரென்று.

"பிள்ளை, அவசரப்படாதீங்கோ. ஓரத்தில கிடக்கிற துண்டு என்ட. அந்தப் பிள்ளையின்ட இல்ல."

"ஆர் கதைக்கிறது?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டேதான் மறுபடி பார்த்தேன். நான்கு துண்டும் தெளிவாகத் தெரியும்போது ஐந்தாவது மட்டும் மங்கல், அதைத் தெளிவாக்கினால் மற்ற நான்கும் மங்கல். வேறொருவரின் சதை தவறி வந்து மேலே ஒட்டினாலும் இப்படித்தான் இருக்கும். எழுதியதை அழித்தேன்.

மெழுகில் பதித்த சதையைப் படலமாகச் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் எடுப்பார்கள். ஒருவருடையது முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பைக் கடதாசியால் துடைக்க வேண்டும். காலையில் அந்த வேலை செய்கிற சிங்கள அண்ணன் நிமல் அய்யேயிடம், சங்கீத ஆசிரியையின் சதையை மறுபடி சீவச் சொன்னேன். மனிதரின் முகம் கறுத்துவிட்டது.

"மிஸ், அண்டைக்கு அவசரத்தில தண்ணி துடைக்க மறந்திட்டன் போல."

புதுச் சீவல்களில் புற்றுநோய் மருந்துக்கும் இல்லை. ஓயாமல் பாடிப் பாடிப் படிப்பித்ததில் வந்த சாதாரண முடிச்சு. பெரிய டொக்டரும் பார்த்து அப்படியே கையெழுத்திட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது, அதை மறைக்கத் தும்முவதுபோல நடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் பகிடி என்றே விட்டிருப்பேன். அன்று ஆசிரியையினதுக்கு முன்னால் சீவியது யாருடைய சதை என்று பதிவேட்டைப் புரட்டினேன். கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர். புற்றுநோய் என்று அவருடைய குரல்வளையையே முழுதாக எடுத்திருந்தார்கள். மேல்மாடி வார்டில் இருந்தார், தாதியிடம் ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். கழுத்தில் துளை, துளையில் குழாய். அவரால் தொலைபேசியில் ஒரு "ஹலோ" கூடச் சொல்ல முடியாது.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவராகவே தலையணைக்குப் பக்கத்திலிருந்த கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினார்.

"அந்தப் பிள்ளை இனிப் பாடுவாதானே?"

"ஓம் அம்மா, பாடுவா" என்றேன். கண்ணை மூடிச் சிரித்தார்.

இப்போது சுகமாகிக் கிளினிக்குக்கு வந்து போகிறார், என்னைக் கண்டால் கையசைப்பார். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.