என் கை செய்த அசிங்கம்

மலேயாவில் ஒரு சீனரிடம் கற்றுவந்த டாக்டர், எங்கள் காரைக்குடியில் அக்குபங்சர் பள்ளி நடத்துகிறார். நான் அங்கே மாணவி. நாங்கள் ஒருவருக்கொருவர் ஊசி குத்தித்தான் பழக வேண்டும். எனக்கு ஜோடி வள்ளியம்மை.

போன வருஷம் நான் குத்திய இடத்தில், அவள் முழங்காலுக்குக் கீழே, சீழ் கட்டிவிட்டது. பிதுக்கியபோது வந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

"ஊசியைக் கொதிக்க வச்சீகளா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஸ்டவ்வுல இருபது நிமிஷம் வச்சேன் சார்" என்று அடித்துச் சொன்னேன். பொய்யில்லை. பழியை அவள் கால் கழுவிய கிணற்றுத் தண்ணீர்மேல் போட்டோம்.

புண் ஆறியதும் வள்ளியம்மை மறுபடி காலை நீட்டினாள். கொதித்த ஊசியை எடுத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடியே, கையை எங்குட்டுக் கொண்டு போறே?"

கை என் தலையில் இருந்தது. வீட்டில் ரவிக்கை தைக்கும்போது, ஊசி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எண்ணெய்த் தலையில் இரண்டு தேய்ப்புத் தேய்ப்பேன். அதையே இங்கேயும் செய்திருக்கிறேன்! ஊசி நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய பொடுகு. இதையா அவள் சதைக்குள் இறக்கினேன்? கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

இப்போது தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டுதான் ஊசியைத் தொடுகிறேன். அப்படியும் சில நாள் இந்தப் பாழாய்ப்போன கை காதுவரை போய்விடுகிறது. அந்த ஊசியை மறுபடி கொதிக்கப் போட்டுவிட்டு, வள்ளியம்மை முகத்தைப் பார்க்காமல் ஸ்டவ் பக்கத்திலேயே நிற்கிறேன்.