கரண்டுக்குப் பயந்த வேணி

பெருமுக்கல் வேணிக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கி இரண்டு வருஷமாயிற்று. மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று நெஞ்சு படபடத்துக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். மாத்திரைக்கு அடங்கவில்லை. கடைசியில் மகள் கலைப்பிரியா அவளைப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சேரன் நிதானமாகச் சொன்னார்.

"தப்பான துடிப்பு கிளம்புற இடத்தைச் செயலிழக்க வைக்கணும்மா. வழக்கமா சூடு வச்சு செய்வோம். அது எப்பவாவது பக்கத்துல இருக்கிற உணவுக்குழாயையும் சுட்டுடும். இது புது முறை. மின்சாரத்தைக் கண்ணிமைக்கிற நேரம் விட்டு விட்டுச் செலுத்துவோம். எந்த அளவுக்குப் பாதுகாப்புன்னு சோதிச்சுக்கிட்டு இருக்கோம். இஷ்டம் இருந்தா இந்தச் சோதனையில சேருங்க. இல்லன்னா பழைய முறையிலயே பண்ணலாம்."

மின்சாரம் என்றதுமே வேணி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள். அவள் கணவர் பூமாலை, ஈரக்கையோடு பம்புசெட்டைத் தொட்ட இடத்திலேயே விழுந்தவர்.

"கரண்டாலதாங்க எங்க ஊட்டுக்காரரு போயிட்டாரு. அதைப் போயி என் நெஞ்சுக்குள்ளாரயே உடப் போறீங்களா?"

"அது உடம்பு முழுக்கப் பாஞ்ச கரண்டு. இது ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள விடுற மெல்லிசுக் குழாயோட நுனி தொடுற இடத்துல மட்டும்தான். ஆனா ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். மூச்சுத் தசைக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது. அது கொஞ்சம் அசந்துபோகலாம்."

ஒன்றும் ஆகாது என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் வேணி எழுந்து போயிருப்பாள். யோசித்துவிட்டு, அடுத்த வாரம் தானாகவே வந்து படுத்தாள்.

மயக்கம் தெளிந்தபோது நெஞ்சு அமைதியாக இருந்தது. மூச்சுதான் பாதியிலேயே நின்றது.

"பிரியா, காத்து உள்ள போவலடி" என்றாள் பதறி.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "வலது பக்க மூச்சு நரம்பு அசந்திருக்கு. இந்த மாதிரி ஆனவங்களுக்குப் பெரும்பாலும் சரியாயிடுச்சு. பொறுத்துப் பார்ப்போம்."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் வேணி.

மறுநாள் காலை எக்ஸ்ரே திரைக்கு முன்னால் நிறுத்தி, "மூக்கால சர்ருன்னு உறிஞ்சுங்க" என்றார்கள். உறிஞ்சினாள். திரையில் மூச்சுத் தசையின் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கீழே இறங்கின. உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அங்கும் ஒரு காயமில்லை.

"நேத்து மூச்சு முட்டுச்சே, அதையும் உங்க சோதனைக் கணக்குல எழுதுவீங்களாங்க?"

"எழுதாம எப்படிம்மா? சரியாப் போச்சுங்கறதையும் சேர்த்து எழுதுவோம்."

"எழுதுங்க. மொதல்லயே தெரிஞ்சிருந்தா மனுசன் பயந்தாலும் தாங்கிக்குவான்."

வீட்டுக்கு அனுப்பிய அன்று திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நெஞ்சு எப்டிம்மா இருக்கு?" என்று மகள் கேட்டுத் திரும்புவதற்குள், வேணி வாய் திறந்தபடி, மெல்லக் குறட்டை விட்டு நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.